லாரி கேபினில் ஒரு டிவி: 12 வோல்ட்டில் மின்னோட்டவியல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்தும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. வகுப்பில் நான்கைந்து பிள்ளைகளுக்காவது லாரியோடு ஏதாவது ஓர் உறவு இருக்கும். ஒருவரின் அப்பா சிமெண்ட் லோடு ஓட்டுவார். இன்னொருவரின் மாமா சுரங்கத்திலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுவார். மற்றொருவரின் அண்ணன் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் தொழில் பழகிக்கொண்டிருப்பார். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திருமாந்துறையிலிருந்து பாடாலூர் வரை சாலையோரம் இரவில் ஓய்வெடுக்கும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஓம் விதியைக் கற்பிக்க இதைவிட நல்ல சோதனைக்கூடம் வேண்டியதில்லை.

'கேரவன்' என்று சொன்னால் நம் மாணவர்கள் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைத்தான் நினைப்பார்கள். மேலை நாடுகளில் அது குடும்பத்தோடு ஊர் சுற்றும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, விளக்கு, டிவி எல்லாம் அதற்குள் இருக்கும். நம் பக்கத்துச் சக்கர வீடு லாரி கேபின்தான். அதைவிடப் பொருத்தமான இன்னொன்று, ஆழ்துளைக் கிணறு போட வரும் திருச்செங்கோட்டு வண்டி. ரிக் லாரி ஒன்று, குழாய்களும் ஆட்களும் வரும் துணை லாரி ஒன்று என்று ஜோடியாக வரும். அந்த ஆட்கள் மாதக்கணக்கில் வடமாநிலங்கள் வரைக்கும் போய், அந்த வண்டியிலேயே சமைத்து, அங்கேயே படுத்து எழுகிறவர்கள். கிணறு வற்றிய கோடையில் நம் ஊர்க் காட்டில் அந்த வண்டி நிற்காத ஆண்டு ஏது?

பாடத்தை இந்தக் கேள்வியோடு தொடங்கலாம்: கரண்ட் கம்பமே இல்லாத காட்டில் நிற்கும் அந்த வண்டியில் இரவு ஒரு டிவி பார்க்க வேண்டுமானால் என்ன செய்வது?

பதில்கள் உடனே வரும். "இன்வெர்ட்டர் வெச்சுக்கலாம் சார்." "பேட்டரியில இருந்து நேரா ரெண்டு வயர் இழுத்தா போதும் டீச்சர்." "டிவிக்கு 230 வோல்ட் வேணும், பேட்டரியில ஓடாது." இவற்றோடு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பதிலும் தவறாமல் வரும்: "12 வோல்ட்தானே சார், ஷாக்கே அடிக்காது, என்ன ஆயிடப் போகுது?" இந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இந்தப் பாடம். பல வயரிங் தீ விபத்துகளுக்குப் பின்னால் இந்த ஒற்றை வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்ன பிள்ளை நாளைக்கு வண்டியில் ஏறப்போகிற பிள்ளை.

டிவியின் முதுகைப் படித்தல்

முதலில் டிவிக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம், மொபைல் சார்ஜர் எதுவானாலும் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறிய எழுத்துகளை அப்படியே நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். 'உள்ளீடு', 'வெளியீடு' என்று இரண்டு வரிகள் ஆங்கிலத்தில் இருக்கும். உள்ளீட்டுக்கு எதிரே அலைக்கோடு போட்டிருந்தால் அது மாறு மின்னோட்டம். வெளியீட்டுக்கு எதிரே ஒரு நேர்க்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது நேர் மின்னோட்டம். இந்த இரண்டு குறிகளைப் படிக்கத் தெரிந்துவிட்டாலே பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் வந்துவிடும்.

அப்போது அவர்கள் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். தனி அடாப்டரோடு வரும் சிறிய எல்இடி டிவிகளுக்கு உண்மையில் 230 வோல்ட் தேவையே இல்லை. அடாப்டர் 230 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாகவோ 19 வோல்ட்டாகவோ மாற்றித்தான் டிவிக்குத் தருகிறது. பழைய நாட்களிலும் இது இருந்தது. 1980களில் வந்த 14 அங்குல கறுப்பு வெள்ளை டிவிகள் பலவற்றில் பின்னால் 12 வோல்ட்டுக்கு ஒரு துளை உண்டு. கரண்ட் இல்லாத இடத்தில் கார் பேட்டரியை வைத்துப் படம் பார்த்தது அப்படித்தான். 2006 முதல் அரசு வீடுதோறும் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இந்த வகையில்லை. அது படக்குழாய் டிவி. நேரே 230 வோல்ட்டில் ஓடுவது. அதில் ஒன்று இன்னும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் இருக்கும். அதன் பின்புறத்தில் எத்தனை வாட் என்று பார்த்துப் புதிய எல்இடி டிவியோடு ஒப்பிடச் சொல்லலாம்.

நம் கணக்குக்கு 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று எழுதிய ஒரு சிறிய டிவியை எடுத்துக்கொள்வோம். மின்திறன் 36 வாட்.

இதே 36 வாட் 230 வோல்ட்டில் வந்தால் மின்னோட்டம் எவ்வளவு? 0.16 ஆம்பியர்கூட இல்லை. 12 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது சுமார் 19 மடங்கு. மின்னழுத்தம் இறங்கினால் அதே வேலைக்கு மின்னோட்டம் ஏற வேண்டும். இதைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

வயர் தின்கிற வோல்ட்

துணை லாரியின் பேட்டரிக்கும் ஆட்கள் படுக்கும் இடத்துக்கும் 5 மீட்டர் தூரம் என்று கொள்வோம். பிள்ளைகள் 5 மீட்டர் வயர் என்றே கணக்குப் போடுவார்கள். போக 5, திரும்பி வர 5, ஆக 10 மீட்டர் என்பதை அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். (வண்டியில் இரும்புச் சட்டமே திரும்பும் வழியாக இருக்கிறது, ஒற்றை வயர் போதும் என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து சொல்லக்கூடும். சொன்னால் பாராட்டுங்கள். ஹாரனும் ஹெட்லைட்டும் அப்படித்தான் எரிகின்றன. ஆனால் துருப்பிடித்த இடத்தில் 'பாடி எர்த்' கொடுத்த டிவி விட்டுவிட்டு ஓடும் என்பதையும் அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.)

செம்பின் மின்தடை எண் ஏறக்குறைய 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு 0.017 ஓம் வரும். இங்கே ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். கடையில் 'ஒன் எம்எம் வயர்', 'ரெண்டரை எம்எம் வயர்' என்றுதான் கேட்கிறோம். அது விட்டம் இல்லை, சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரின் விட்டம் எவ்வளவு என்று கேட்டால் வட்டத்தின் பரப்பளவு சூத்திரம் நினைவுக்கு வர வேண்டும், விடை 1.13 மில்லிமீட்டர்.

வீட்டில் கிடந்த மெல்லிய வயர், அரை சதுர மில்லிமீட்டர். 10 மீட்டருக்கு மின்தடை 0.34 ஓம். அதில் 3 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே விழும் மின்னழுத்தம் 1.02 வோல்ட். 12 வோல்ட்டில் புறப்பட்டது டிவிக்கு 11 வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் போய்ச் சேரும். நூற்றுக்கு எட்டரை பங்கு வழியிலேயே போய்விட்டது.

அதே வயரில், அதே டிவியை 230 வோல்ட்டில் ஓட்டினால்? 0.157 ஆம்பியரை 0.34 ஓமால் பெருக்கினால் 0.053 வோல்ட். 230இல் அது இருப்பதே தெரியாது. இரண்டு இழப்பையும் சதவீதத்தில் எழுதி, ஒன்றை மற்றதால் வகுக்கச் சொல்லுங்கள். சுமார் 367 வரும். பிறகு 230ஐ 12ஆல் வகுத்து வர்க்கப்படுத்தச் சொல்லுங்கள். அதே 367. நான் வகுப்பில் இந்த இடத்தில் வேறெதுவும் சொல்வதில்லை. ஏன் வர்க்கம் வந்தது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். மின்னோட்டம் 19 மடங்கு ஏறியது ஒருபுறம். அந்த இழப்பைத் தாங்க வேண்டிய மின்னழுத்தம் 19 மடங்கு இறங்கியது மறுபுறம். யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்.

இதன் நடைமுறை விளைவு இது. இரவு எஞ்சினை அணைத்தபின் பேட்டரி 12.6 வோல்ட்டில் இருக்கும். டிவி ஓட ஓட மெல்ல இறங்கும். அது 12 வோல்ட்டுக்கு வரும்போது டிவியின் முதுகில் 11தான் இருக்கிறது. சில டிவிகள் அந்த அளவிலேயே அணைந்துவிடும். வண்டிக்காரர் "பேட்டரி போச்சு" என்பார். புதிய பேட்டரிகூட வாங்கிவிடுவார். பேட்டரியில் இன்னும் கணிசமான மின்சாரம் இருக்கிறது. வழியில் தின்றது வயர். ரெண்டரை வயர் போட்டிருந்தால் இழப்பு 0.2 வோல்ட்தான்.

2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாட்களில் நம் வீடுகளில் இன்வெர்ட்டர் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கும். அன்று பிறந்த பிள்ளைகள் இன்று உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்த இன்வெர்ட்டரை ஒருமுறை உற்றுப் பார்த்து வரச் சொல்லுங்கள். பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைக்கும் வயர் விரல் கனம் இருக்கும். நீளமும் ஒரு முழம், இரண்டு முழம்தான். அங்கிருந்து வீட்டுக்குள் போகும் வயரோ சாதாரணமானது. அதே மின்திறன்தானே இரண்டிலும் போகிறது? 600 வாட் என்றால் பேட்டரிப் பக்கம் 50 ஆம்பியர், வீட்டுப் பக்கம் 3 ஆம்பியர்கூட இல்லை. கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதிய வரியை இப்போது காட்டலாம்.

நேரமிருந்தால் பெரிய அளவிலும் இதைக் காட்டுங்கள். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெய்வேலி அண்டை ஊர். அங்கிருந்து வயல்களின் மேல் போகும் பெரிய கோபுரங்களில் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று மின்சாரம் போவது இதே கணக்கால்தான். 1882இல் நியூயார்க்கில் எடிசன் சுமார் 110 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் தெருக்களுக்கு விளக்கேற்றியபோது அந்த மின்சாரத்தால் ஏறக்குறைய ஒரு மைலுக்கு மேல் போக முடியவில்லை. லாரியில் 5 மீட்டரில் வரும் சிக்கல் அவருக்கு ஒன்றரை கிலோமீட்டரில் வந்தது.

டிவி ஓம் விதிக்கு அடங்குவதில்லை

மேலே போட்ட கணக்கில் ஒரு சிறு பிசகு இருக்கிறது. நன்றாகப் படிக்கும் மாணவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். டிவிக்கு 11 வோல்ட்தான் வருகிறது என்றால், அப்போதும் 3 ஆம்பியர்தான் ஓடுமா?

பல்பாக இருந்தால் மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் குறையும், வெளிச்சம் மங்கும். டிவி அப்படியில்லை. அதற்குள் இருக்கும் மின்வழங்கி, 'எனக்கு 36 வாட் வேண்டும்' என்று பிடிவாதமாக நிற்கும். மின்னழுத்தம் குறைந்தால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கூடுதல் மின்னோட்டத்தால் வயரில் இழப்பு கூடும். அதனால் மின்னழுத்தம் இன்னும் குறையும். அதனால் இன்னும் இழுக்கும். 'மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் குறையும்' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சிதான். வயர் ஓம் விதிக்கு அடங்கும், டிவி அடங்காது. விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொல்லித்தரப் பாடநூலுக்கு வெளியே இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த இழுபறி எங்கே போய் நிற்கும்? கணித ஆசிரியரை இந்த இடத்தில் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். டிவிக்கு வந்து சேரும் மின்னழுத்தம் 'அ' என்போம். மின்னோட்டம் 36/அ. வயரில் விழுவது அதன் 0.34 மடங்கு. 12இலிருந்து அதைக் கழித்தால் மீண்டும் 'அ' வர வேண்டும். ஒழுங்குபடுத்தினால்

அ² − 12அ + 12.24 = 0

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு அப்படியே வந்து நிற்கிறது. ஒரு மூலம் 10.87, மற்றொன்று 1.13. டிவி நிற்கும் இடம் 10.87 வோல்ட், மின்னோட்டம் 3.31 ஆம்பியர். முதலில் நாம் போட்ட தோராயக் கணக்கைவிட நிலைமை சற்று மோசம்.

இன்னொரு படி போகலாம். 0.34க்குப் பதில் வயரின் மின்தடையைப் பொதுவாக வைத்துத் தன்மைக்காட்டியைப் பாருங்கள். 144இலிருந்து 4 × 36 × மின்தடை கழிகிறது. மின்தடை 1 ஓமைத் தாண்டினால் தன்மைக்காட்டி எதிர்க்குறிக்குப் போய்விடும். மெய் மூலங்கள் இல்லை. 'மெய் மூலங்கள் இல்லை' என்றால் என்ன பொருள் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை: டிவி ஓடாது. அரை சதுர மில்லிமீட்டர் வயரில் 15 மீட்டர் தள்ளி வைத்தால், பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த டிவி ஓடவே முடியாது. (உண்மையில் அதற்கு வெகு முன்பே அது அணைந்திருக்கும்.)

இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளலாம் என்ற பதிலையும் கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியின் 12ஐ இன்வெர்ட்டர் 230 ஆக்குகிறது. அடாப்டர் அந்த 230ஐ மறுபடியும் 12 ஆக்குகிறது. துறையூர் போக வேண்டியவர் திருச்சி போய்த் திரும்பிய கதை. ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்கு 15 வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், டிவிக்கு 36 வாட் தர பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 50 வாட் போக வேண்டும். 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்துவதானால் நேரடி இணைப்பில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இன்வெர்ட்டர் வழியே பன்னிரண்டு. ஆனாலும் 230 வோல்ட்டில் மட்டும் ஓடும் டிவிக்கு இன்வெர்ட்டர்தான் வழி. அப்போது இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, 230 வோல்ட் வயரை நீளமாக இழுக்க வேண்டுமா, அல்லது டிவிக்குப் பக்கத்தில் வைத்து 12 வோல்ட் வயரை நீளமாக இழுக்க வேண்டுமா? விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஏன் பாதி மட்டும்? எஞ்சினைக் கிளப்புவதற்கென்று செய்த பேட்டரியில் தகடுகள் மெல்லியவை. ஒரு சில நொடி பெரும் மின்னோட்டம் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஆவதற்கு ஏற்றவை. மெல்ல மெல்ல அடிவரை காலி செய்தால் விரைவில் கெட்டுப்போகும். அதற்கும் முன்னால், காலையில் 'செல்ஃப் எடுக்காது'. இரவு படம் பார்த்ததற்கு விலை விடியற்காலையில் நாலு பேரைக் கூப்பிட்டு வண்டி தள்ளுவது. லோடு ஏற்றிய லாரியைத் தள்ளவும் முடியாது.

24இலிருந்து 12ஐ எடுப்பது

இதுவரை 12 வோல்ட் என்றே பேசினோம். கனரக லாரிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது அது 28 வோல்ட் வரை ஏறும். 12 வோல்ட் டிவியை அதில் நேரே மாட்டினால் டிவி போய்விடும். அதனால் பலர் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள்: இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவிலுள்ள இணைப்பிலிருந்து ஒரு வயர் எடுத்து, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைப் பெறுவது. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம் இது. டிவியும் ஓடும். தவறு எங்கே இருக்கிறது என்று உடனே தெரியாது.

இதை ஒரு புதிராக வகுப்பில் போடுங்கள். விடைக்கு வேண்டியது பாடநூலிலேயே இருக்கிறது: தொடரிணைப்பில் எல்லா இடத்திலும் ஒரே மின்னோட்டம்தான். இரவு ஐந்து மணி நேரம் டிவி ஓடியதால் கீழ்ப் பேட்டரி மட்டும் 15 ஆம்பியர் மணி இழந்திருக்கிறது. மேல்ப் பேட்டரி எதையும் இழக்கவில்லை. காலையில் எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் போக முடியும். பசித்தவருக்கும் வயிறு நிறைந்தவருக்கும் ஒரே அளவு பரிமாறுகிற பந்தி. மேல்ப் பேட்டரிக்கு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி, உள்ளேயுள்ள நீர் வாயுவாகப் போகும். கீழ்ப் பேட்டரி ஒருபோதும் நிரம்பாமல் அதன் தகடுகளில் சல்ஃபேட் படியும். மின்னழுத்தமானியை இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் 28 வோல்ட் சரியாகவே காட்டும். அதனால்தான் ஓட்டுநருக்குச் சந்தேகமே வராது. சில மாதங்களில் இரண்டு பேட்டரிகளும் போகும். ஒன்று பட்டினியால், மற்றது செரிமானக் கோளாறால். பல ஆயிரம் ரூபாய் செலவு. வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், கொண்டுபோக வேண்டும்.

சரியான வழி, 24 வோல்ட்டை உள்வாங்கி நிலையான 12 வோல்ட்டைத் தரும் மாற்றிப் பெட்டி. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று விழுவதையும், ஓடும்போது ஏறி இறங்குவதையும் டிவிக்குத் தெரியாமல் அதுவே சமாளிக்கும். அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் நீளமான வயரில் 24 வோல்ட்டும் ஒன்றரை ஆம்பியருமே போகும். இழப்பின் சதவீதம் நான்கில் ஒன்றாகிவிடும். மறுபடியும் அதே வர்க்கம்.

"ஷாக் அடிக்காது சார்"

கடைசி பெஞ்சு பதிலுக்கு வருவோம். அது உண்மைதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். 12 வோல்ட்டைத் தொட்டால் உடலில் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு, ஒன்றும் தெரியாது. ஆபத்து தொடுகிறவரின் உடலில் இல்லை, வயரில்.

நம் மெல்லிய வயர் படுக்கைக்குக் கீழே எங்கோ இரும்பு விளிம்பில் உரசி உரசி, அதன் மேலுறை தேய்ந்து, இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன என்று வைப்போம். சுற்றில் இப்போது டிவி இல்லை, 0.34 ஓம் மட்டும். 12 வோல்ட்டில் 35 ஆம்பியர் ஓடும். வெப்பம் 420 வாட்டுக்கு மேல். 24 வோல்ட் இணைப்பானால் 70 ஆம்பியர். வெப்பம் ஏறக்குறைய 1,700 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டியின் வெப்பம் ஒரு மெல்லிய வயரின் நீளம் முழுவதும், படுக்கைத் துணிக்கு அடியில். வயர் சூடேறும்போது மின்தடையும் ஏறும் என்பதால் உண்மை அளவு சற்றுக் குறையும். பிளாஸ்டிக் உறை உருகித் தீப்பிடிக்க அது போதும். பேட்டரிக்கு இது பொருட்டே இல்லை. செல்ஃப் மோட்டாருக்கு அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துப் பழகியது.

மின் உருகி எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது கேளுங்கள். "டிவி பக்கத்தில்" என்று பலர் சொல்வார்கள், காப்பாற்ற வேண்டியது டிவி என்று நினைப்பதால். காப்பாற்ற வேண்டியது வயர். ஆகவே உருகி பேட்டரியின் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். 3 ஆம்பியர் டிவிக்கு 5 ஆம்பியர் உருகி போதும். அது அடிக்கடி போகிறதே என்று வெள்ளித்தாளைச் சுற்றிவைக்கும் பழக்கத்தையும் இந்த இடத்தில் பேச வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

பேட்டரி வேலை செய்கிற மெக்கானிக் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைப்பார். ஸ்பேனர் ஒரு முனையில் இருக்கும்போது மோதிரம் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் விரலைச் சுற்றிச் சிவந்த இரும்பு. இதைச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

லாரி பேட்டரியையோ இருசக்கர வாகன பேட்டரியையோ வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். அமிலம், ஹைட்ரஜன் வாயு, மேலே சொன்ன மின்னோட்டம் மூன்றுமே அதில் உண்டு. மூன்று டார்ச் செல்களைத் தொடராக வைத்தால் 4.5 வோல்ட். அதற்கேற்ற டார்ச் பல்பு ஒன்று, 0.3 ஆம்பியர் அளவில் எடுப்பது. பல்பு கிடைக்காவிட்டால் பொம்மைக் காரின் மோட்டார். வயருக்குப் பதிலாகக் கட்டடக் கடையில் கிடைக்கும் கட்டுக்கம்பி 10 மீட்டர். இரும்பின் மின்தடை எண் செம்பைப் போல் ஆறு ஏழு மடங்கு என்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரியும். முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை நீக்கிவிடுங்கள். கம்பி தன்மீதே படாமல் வகுப்பின் நீளத்துக்கு இரண்டு வரிசை பெஞ்சுகளில் பிரித்துப் போடுங்கள்.

பள்ளியிலுள்ள மல்டிமீட்டரால் செல்களின் முனையில் ஒரு முறையும் பல்பின் முனையில் ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். பல்பு எரியும்போதே இரண்டையும் அளப்பது முக்கியம். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு காட்டும். 'வயரில் இழப்பே இல்லை' என்று தவறாக முடிவு செய்துவிடுவார்கள். (ஏன் என்பது நல்ல கேள்வி. மின்னோட்டம் இல்லாவிட்டால் இழப்பும் இல்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் லோடு போட்டு அளப்பது இதற்காகத்தான்.) ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் வித்தியாசம் 0.4 வோல்ட் அளவில் வரலாம். கம்பிக்குக் கம்பி மாறும். பிறகு இரண்டாவது பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்து மறுபடி அளக்கட்டும். அதன்பின் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டு அளக்கட்டும்.

தொடக்க வகுப்புகளில் எண்கள் வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரை மெல்லிய நீண்ட உறிஞ்சு குழலாலும் தடித்த குட்டைக் குழலாலும் உறிஞ்சச் சொன்னாலே போதும்.

யாழ்ப்பாணத்தில் 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் கிடைக்கவில்லை. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் தரும். மாறு மின்னோட்டம் என்பதால் இடையில் டயோடு வேண்டும். நம் 36 வாட் டிவிக்கு எத்தனை சைக்கிள் வேண்டும் என்று கேளுங்கள். பன்னிரண்டு என்று வகுப்பே கத்தும்போது, பன்னிரண்டு பேரில் ஒருவர் களைத்து நிறுத்தினால் டிவி என்ன செய்யும் என்று அடுத்த கேள்வியைப் போடலாம். பல்பா, டிவியா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு வினா போதும். துணை லாரியில் 24 வோல்ட் பேட்டரி இருக்கிறது. படுக்கும் இடம் 8 மீட்டர் தொலைவு. 36 வாட் டிவி, இரண்டு மொபைல் சார்ஜருக்கு 20 வாட், ஒரு சிறிய மின்விசிறிக்கு 16 வாட். வயரில் இழப்பு 24 வோல்ட்டில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. கடையில் 0.75, 1, 1.5, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்கள் இருக்கின்றன. எதை வாங்குவீர்கள், எத்தனை மீட்டர் வாங்குவீர்கள், உருகியை எங்கே வைப்பீர்கள்? 1.5 என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண். எட்டு மீட்டர் என்று எழுதியவரை எழுந்து வந்து டிவியிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழியை வரையச் சொல்லுங்கள்.